இன்ஜின் சத்தத்தை வைத்து ஜேசிபி வாங்க முடியாது

பழைய ஜேசிபி விற்கிற யார்டில் முதலில் காதில் விழுவது இதுதான்: "இன்ஜின் கை வைக்காததுண்ணே." சாவியைத் திருப்பினால் வண்டி ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. புகை இல்லை, தட்டும் சத்தம் இல்லை. வாங்க வந்தவர் கூட்டி வந்த மெக்கானிக்கைப் பார்ப்பார், அவரும் தலையாட்டுவார், அதற்குப் பிறகு பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான். பக்கெட்டை இரண்டு முறை தூக்கி இறக்கிக் காட்டுவார்கள். டயரில் எத்தனை பட்டன் பாக்கி என்று பார்ப்பார்கள். அட்வான்ஸ் கை மாறிவிடும். லாரி வாங்கிப் பழகிய கண்ணோடு பேக்ஹோவை, அதாவது ஜேசிபி மாதிரி முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டியைப் பார்ப்பதால் வருகிற வினை இது. லாரியில் இன்ஜின்தான் பாதி வண்டி. பேக்ஹோவில் இன்ஜின் என்பது ஹைட்ராலிக் பம்பையும், கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கடத்தும் கன்வெர்ட்டரையும் சுற்றிவிடும் ஆள், அவ்வளவுதான். காசு பறிபோகிற இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

ரிப்பேர் உள்ள வண்டியை வாங்கலாமா கூடாதா என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். எட்டு பத்து வருஷம் ஓடிய எந்த மண் வண்டியும் ரிப்பேர் உள்ள வண்டிதான். எந்த ரிப்பேர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே ஜேசிபி 3டிஎக்ஸ் மாடலை வைத்துப் பேசுகிறேன். சுமார் ஏழரை டன் எடை, 76 குதிரைத்திறன், நம்மூரில் அதிகம் கை மாறுவது அதுதான். கேஸ், கேட், மஹிந்திரா, புல் கம்பெனி வண்டிகளுக்கும் முறை ஒன்றே. ஆனால் அந்த வண்டிகளில் கை வைக்கும் முன் உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் பார்ட்ஸ் கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள். வாங்கும்போது மிச்சமான ஒரு லட்சம், பார்ட்ஸுக்குக் காத்திருக்கும் நாட்களில் கரைந்துவிடும்.

இன்ஜினைச் சுருக்கமாக முடித்துவிடலாம். போனவுடன் ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீர்கள், முதலில் பானெட்டைத் திறந்து பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள், காலைக் குளிரில் பிடிக்காத வண்டியாக இருக்கலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். உள்ளே கூலன்ட்டுக்குப் பதில் செம்பழுப்பில் வெறும் தண்ணீர் இருந்தால், லைனரின் (பிஸ்டன் ஓடும் குழாய்) வெளிப்பக்கம் அரித்திருக்க வாய்ப்பு உண்டு. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் நாற்றம் அடித்து ஆயில் நீர்த்துப்போய் அளவும் கூடியிருந்தால், டீசல் உள்ளே இறங்குகிறது. நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி அதே வாய் மேல் சும்மா வையுங்கள். மூடி துள்ளி விழுந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சரி, தேய்ந்துவிட்டன, அதனால் என்ன? லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் செட்டுக்கு விலை தெரியும். லேத்தில் கிராங்க் கிரைண்டிங்குக்கு எவ்வளவு என்பது தெரியும். தாலுகா ஊரில்கூட அதைச் செய்ய ஆள் உண்டு. தொகை தெரிந்த ரிப்பேர் ரிப்பேரே இல்லை, விலை பேசும்போது கழித்துக்கொள்ள வேண்டிய ஒரு எண்.

வருஷத்தை மட்டும் ஒரு கண் பாருங்கள். சக்கரம் உள்ள கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நான்காம் கட்ட மாசு விதி வந்தது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் எலெக்ட்ரானிக் டீசல் சிஸ்டம், சென்சார், அவற்றை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான இசியு எல்லாம் உண்டு, ஸ்கேனர் இல்லாமல் எதுவும் தெரியாது. தானே ரிப்பேர் செய்து ஓட்ட நினைக்கிறவருக்கு அதற்கு முந்தைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிதான் தோது.

வண்டி எங்கே வேலை பார்த்தது

ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை நம்புவதும் நம்பாததும் அப்புறம். மீட்டரையே மாற்றிவிடுகிறார்கள், அது ஊரறிந்த கதை. 4,000 மணி காட்டுகிற வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி இரும்பு பளபளக்கிறதா, வண்டியை முன்னும் பின்னும் மாற்றும் ஷட்டில் லீவர் கைப்பிடியில் எழுத்து அழிந்துவிட்டதா, சீட் ஓரம் கிழிந்து ஸ்பாஞ்ச் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி புரியும். லைவ்லிங்க் (வண்டி விவரத்தை போனுக்கு அனுப்பும் வசதி) உள்ள வண்டியாக இருந்தால் ஓடிய மணி தனியாகப் பதிவாகியிருக்கும், அதை ஓனரின் போனிலேயே காட்டச் சொல்லலாம். ஆனால் மணிக்கணக்கை விட முக்கியம், அந்த மணி நேரமெல்லாம் எங்கே கழிந்தது என்பது. செங்கல் சூளையிலும் எம்-சாண்ட் யார்டிலும் நின்ற வண்டி நாள் முழுக்க முன் பக்கெட்டில் அள்ளிக் கொட்டியிருக்கும். முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று ஷட்டில் கிளட்ச் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை மாறியிருக்கும். பின் பக்கத்தில் தோண்டும் கையின் மேல் பாகமான பூமைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அதனால் அந்தக் கையின் மூட்டுகளில் உள்ள பின் (இரும்பு ஊசி), புஷ் (அது சுழலும் வளையம்) எல்லாம் இறுக்கமாக இருக்கும், "அதிகம் ஓடாத வண்டி" என்று ஆசை காட்டும். டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) மட்டும் செத்துப்போயிருக்கும்.

குவாரி வண்டி இதற்கு நேர்மாறு. பூமின் பக்கவாட்டில், பாறை உடைக்கும் பிரேக்கருக்குத் தனியாகப் பைப் ஓடியிருக்கிறதா, அல்லது ஓடியதைக் கழற்றி வெல்டு பண்ணிய தழும்பு இருக்கிறதா பாருங்கள். பிரேக்கர் அடித்த வண்டியில் அந்த அதிர்ச்சியெல்லாம் டிப்பரிலும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் உள்ள கை) பூம் மூக்கிலும் இறங்கியிருக்கும், ஹைட்ராலிக் ஆயில் எப்போதும் கொதித்தே இருந்திருக்கும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலம் பிடுங்க இறங்கிய வண்டிகள் தனி ரகம். வேரோடு தூரைப் பிடுங்க, பக்கெட்டைத் தூரில் கொடுத்துப் பக்கவாட்டில் ஸ்லூ அடித்து ஆட்டுவது ஆப்பரேட்டர்களின் பழக்கம். ஸ்லூ சிலிண்டர் பூமைத் திருப்புவதற்குச் செய்தது, மரம் தள்ளுவதற்கு அல்ல. அந்த வேலை பார்த்த வண்டியில், பூம் திரும்பும் மூட்டான கிங்போஸ்ட்தான் முதலில் போயிருக்கும். டயரின் பக்கச் சுவரில் முள் ஏறிய பொட்டுகளும், பழைய பஞ்சர் ஒட்டுகளும் அதற்குச் சாட்சி.

சூடேறிய பிறகு வேறு வண்டி

வாங்குவதா வேண்டாமா என்பது முடிவாகிற இடம், வண்டியைச் சூடேற ஓட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரம். குளிர்ந்த வண்டியைப் பார்த்து வாங்கியவர்கள், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே போனில் சண்டை போடுகிறார்கள். விற்றவரும் ஒரு வகையில் பொய் சொல்லியிருக்க மாட்டார், அவர் காட்டிய பத்து நிமிஷத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். பம்பில் கியருக்கும் ஹவுசிங்குக்கும் இடையிலும், வால்வ் பிளாக்கில் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பூலுக்கும் துளைக்கும் இடையிலும் தேய்மானத்தால் விழுந்த இடைவெளியைக் கெட்டி ஆயில் அடைத்துக்கொள்ளும். அறுபது எழுபது டிகிரி ஏறியதும் ஆயில் நீர்த்து, அந்தச் சந்தெல்லாம் ஒழுகும் வழியாகிவிடும். உள்ளேயே ஒழுகுவதால் வெளியில் ஒரு சொட்டு தெரியாது. வேகம் மட்டும் குறையும். சில இடங்களில் இதை மறைக்கவே 46 அல்லது 68 கிரேடு இருக்க வேண்டிய டேங்கில் அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்த வேஷமும் ஓரளவு கலையும்.

ஆகவே விற்பவரிடம், "டீசல் காசும் ஆப்பரேட்டர் பேட்டாவும் நான் தர்றேன், ஒரு மணி நேரம் மண்ணு வெட்டிப் பாத்துக்கிறேன்" என்று கேளுங்கள். ஐந்தாறு லிட்டர் டீசலுக்கு யோசிக்கிறவரிடம் பல லட்சத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போதே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சில நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபுல் த்ராட்டிலில் பூம் தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை வினாடி, டிப்பர் முழுக்க விரிய எத்தனை, ஸ்லூ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எத்தனை, முன் பக்கெட் கை முழு உயரம் ஏற எத்தனை. ஷட்டிலை முன்னுக்குத் தள்ளியதும் வண்டி நகர எவ்வளவு தாமதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல கட்டாந்தரையில் குழி தோண்டவும், முன்னும் பின்னும் ஓடி மண் அள்ளவும் விடுங்கள். முக்கால் மணி நேரம் தாண்டியதும் அதே நேரங்களை மறுபடி எடுங்கள். குளிரில் நாலு வினாடியில் ஏறிய பூம் இப்போது ஆறு வினாடி எடுத்தால் விஷயம் இருக்கிறது. எல்லா அசைவும் ஒரே மாதிரி மந்தமாகியிருந்தால் பம்ப் அல்லது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெயின் ரிலீஃப் வால்வ். ஒன்றே ஒன்று மட்டும் மந்தமென்றால் அந்தச் சிலிண்டரின் சீல், அல்லது அதற்குரிய ஸ்பூல். பம்ப் உய்யென்று ஊளையிட்டால் உறிஞ்சும் பக்கத்து ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், காற்று இழுக்கலாம். அது சின்னச் செலவு, பயந்து ஓட வேண்டாம்.

சந்தேகம் தீர ஒரே வழி பிரஷர் கேஜ். டெஸ்ட் பாயின்ட்டில் மாட்டி, ஒரு சிலிண்டரைக் கடைசி வரை கொண்டுபோய் இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் முள் காட்டும். அந்த மாடல் கையேட்டில் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். "கேஜ் எதுக்குண்ணே, சத்தத்துலயே சொல்லிடுவேன்" என்கிற மெக்கானிக்கை மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். பம்ப் போனால் பம்ப் மட்டும் போவதில்லை. உள்ளே உரசிய துகள் வால்வ் பிளாக், சிலிண்டர், டேங்க் எல்லாவற்றிலும் பரவியிருக்கும். டேங்கைக் கழுவாமல், லைனை ஃப்ளஷ் பண்ணாமல், நூற்றுச் சொச்சம் லிட்டர் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் புதுப் பம்ப் மாட்டினால், அந்தத் துகளே புதுப் பம்பையும் தின்றுவிடும். பம்ப் விலையை மட்டும் கேட்டுக் கணக்குப் போட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

டிரான்ஸ்மிஷனுக்கும் சூடுதான் பரீட்சை. சூடான வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி ஷட்டிலைப் போடுங்கள். யோசித்து யோசித்து, ஒரு விநாடிக்கு மேல் எடுத்து, திடீரென்று உதைத்துக்கொண்டு கிளம்பினால் கிளட்ச் பேக்கில் அழுத்தம் சேரவில்லை. ஷாஃப்டில் சீல் ரிங் தேய்ந்திருக்கலாம், பிளேட் தேய்ந்திருக்கலாம், சார்ஜ் பம்ப் களைத்திருக்கலாம். அடுத்தது ஸ்டால் டெஸ்ட்: ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் முழுக்கப் பிடித்து, முன்னால் ஆள் யாரும் இல்லாமல், கையேடு சொல்லும் கியரில் போட்டு ஃபுல் த்ராட்டில் கொடுத்து ஆர்பிஎம் படிக்க வேண்டும். சில வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, கன்வெர்ட்டர் ஆயில் வெந்துவிடும். ஆர்பிஎம் கையேட்டு எண்ணைவிட நன்றாகக் குறைந்தால் இன்ஜின் இழுக்கவில்லை, நன்றாகக் கூடினால் உள்ளே வழுக்குகிறது. இன்ஜினையும் டிரான்ஸ்மிஷனையும் இந்த ஒரு எண் பிரித்துக் காட்டிவிடும். டிரான்ஸ்மிஷன் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். தீய்ந்த நாற்றமும் மினுமினுப்பும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வண்டியை நிறுத்துவதற்கு முன் கடைசியாக ஒன்று. பூமையும் டிப்பரையும் நன்றாக விரித்து, பக்கெட்டை இடுப்பு உயரத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சிலிண்டர் ராடில், அது உள்ளே நுழையும் வாயான கிளாண்ட் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் டீ குடித்து வாருங்கள். கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில் சீலின் வயது தெரியும். கொஞ்சம் இறங்கினால் சீல் கிட் போட்டு முடிக்கலாம், அது அரை நாள் வேலை. ஆனால் ராடைக் கையால் தடவிப் பார்க்காமல் சீல் கிட் கணக்குப் போடாதீர்கள். க்ரோம் உரிந்து, விரல் நகத்தில் தட்டுப்படுகிற கோடு இருந்தால் புது சீலும் சில வாரத்தில் கிழியும். ஹார்ட் க்ரோம் போட வேண்டும், அல்லது ராடே மாற்ற வேண்டும்.

பின், புஷ், கிங்போஸ்ட்

பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்து, இன்ஜினை அணைத்து, இரண்டு பேர் பக்கெட் நுனியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டட்டும். நீங்கள் நுனியைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துக்கொண்டே கிங்போஸ்ட் வரை போங்கள். கிங்போஸ்டில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் பக்கெட் நுனியில் பல மடங்காகத் தெரியும், எனவே நுனி ஆடுவதைப் பார்த்து பக்கெட் பின்னை மாற்றினால் ஒன்றும் தீராது. பின்னும் புஷ்ஷும் மட்டும் தேய்ந்திருந்தால் கவலையில்லை. கிரீஸ் போடாமல் ஓட்டி, புஷ் சுழன்று, அது உட்கார்ந்திருக்கும் பாஸ் துளையே முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் புஷ் அதில் நிற்காது. வெல்டு ஏற்றி, லைன் போரிங் மெஷின் கட்டி, இரண்டு துளையையும் ஒரே கோட்டில் கடைய வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற ஆள் எல்லா ஊரிலும் இல்லை. சும்மா வெல்டு வைத்துக் கையால் கிரைண்ட் பண்ணிக் கொடுத்தால் பின் கோணலாக ஏறி, மூன்று மாதத்தில் பழைய கதை.

பெயின்ட் புதுசாக இருந்தால் அங்கே நின்று பாருங்கள். பூம் வளைவின் அடிப்பக்கம், டிப்பர் மூட்டு, முன் கையின் குறுக்குச் சட்டம், கிங்போஸ்ட் நகரும் பின் ஃப்ரேம், முன் ஆக்சில் தொட்டில். இந்த ஐந்து இடத்திலும் துணியில் டீசல் நனைத்துத் துடைத்தால் விரிசல் இருக்கிற இடத்தில் கருப்புக் கோடு மறுபடி கசியும். பூமில் ஒரு விரிசலை நல்ல வெல்டர் பிளேட் வைத்துச் சரிசெய்துவிடலாம். பின் ஃப்ரேமில் விரிசலோ, சேசிஸ் முறுக்கோ இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் திரும்பிவிடுங்கள். டயர் கணக்கை மறக்காதீர்கள்: பின்னால் 16.9-28, முன்னால் 9.00-16. பின் டயர் ஜோடி மொட்டையாக இருந்தால் அதுவே விலை பேச்சில் பெரிய எண். பின் ஆக்சிலில் ஆயில் அளவுக்கு மேல் நிற்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் ஆயிலில் மூழ்கிய டிஸ்க் வகை என்பதால், பிரேக் பிஸ்டன் சீல் போனால் பிரேக் ஆயில் ஆக்சிலுக்குள்ளேயே இறங்கும், வெளியே தெரியாது. கையேடு மினரல் ஆயில் ஊற்றச் சொல்கிற வண்டியில் யாரோ காருக்குப் போடும் பிரேக் ஆயிலை ஊற்றி, சீல் ஊதிப் போவதால்தான் பல இடத்தில் இது வருகிறது.

நிற்கும் நாளின் விலை

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மணி வாடகை 1,200 ரூபாய். டீசல் 5 லிட்டர், 93 ரூபாய் வீதம் 465. ஆப்பரேட்டர் சம்பளமும் பேட்டாவும் 200. ஆயில், ஃபில்டர், கிரீஸ், பக்கெட் பல், டயர்த் தேய்மானம் 160. மிச்சம் 375. வருஷத்துக்கு 1,000 மணி ஓடினால் 3,75,000. இதில் கடன் வட்டியும் இன்சூரன்ஸும் இன்னும் கழியவில்லை. 3 லட்சம் ரிப்பேர் என்றால் 800 மணி நேர உழைப்பு, ஏறக்குறைய ஒரு வருஷம் சும்மா ஓட்டுவது. வண்டி நின்றால் என்ன ஆகிறது? ஆப்பரேட்டரை விட்டுவிட முடியாது, விட்டால் அடுத்த யார்டுக்குப் போய்விடுவார். அவர் சம்பளம் ஓட, மணிக்கு 575 வீதம் ஏழு மணி நேரத்துக்கு நாளைக்கு 4,025 போகிறது. 25 நாள் நின்றால் ஒரு லட்சம். தை முதல் வைகாசி வரை, வீட்டு அஸ்திவாரமும் கண்மாய் வண்டலும் சேர்ந்து ஓடுகிற மாதங்களில் நின்றால், அந்த வருஷத்து வாடிக்கையாளர் அடுத்த வண்டிக்காரரைப் பழகிக்கொள்வார். அதற்கு எண் போட முடியாது.

இப்போது 11 லட்சத்தில் இரண்டு வண்டி நிற்கிறது என்று வையுங்கள். ஒன்று, கை வைக்காத இன்ஜின், ஆனால் சூட்டில் வழுக்கும் டிரான்ஸ்மிஷன், ஆடும் கிங்போஸ்ட். மற்றது, மூடி துள்ளுகிற இன்ஜின், ஆனால் பின் பக்கம் இறுக்கம், சூட்டிலும் மாறாத பூம் வேகம். யார்டில் முதல் வண்டிக்குத்தான் மூன்று பேர் போட்டி போடுவார்கள். இரண்டாவதில் இன்ஜின் வேலைக்கு ஒன்றரை லட்சமும் பத்து நாளும் என்று எழுதிவிடலாம். முதல் வண்டியில் டிரான்ஸ்மிஷனைப் பிரித்த பிறகுதான் செலவு தெரியும், பிரிக்கும் வரை யாரும் தொகை சொல்ல மாட்டார்கள். நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன், அதுவும் ஒன்றரை லட்சத்தையும் பத்து நாள் நஷ்டத்தையும் கழித்த விலைக்கு. மெக்கானிக்கிடம் செலவைக் கேட்கும்போது "இப்போதே", "500 மணிக்குள்", "வரலாம்" என்று மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் இரண்டின் கூட்டோடு, மூன்றாவது தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டால் ஓரளவு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஃபைனான்ஸ் சீஸ் பண்ணி ஏலத்தில் விடும் வண்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே சூடேற்றிப் பார்க்க விடமாட்டார்கள், பாட்டரியே இருக்காது. ஒரு வருஷம் வெயில் மழையில் நின்றிருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடில் துரு, காய்ந்த சீல், எலி கடித்த வயரிங் மூன்றும் நிச்சயம். பம்ப், டிரான்ஸ்மிஷன் இரண்டும் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்த விலைக்கு மட்டும் ஏலம் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டி எண்ணைப் பரிவாஹன் தளத்தில் போட்டுப் பாருங்கள். சேசிஸில் அடித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸ் தரும் என்ஓசியும் படிவம் 35-உம், பெயர் மாற்ற 29-உம் 30-உம், கர்நாடகா, ஆந்திரா வண்டி என்றால் படிவம் 28-உம் வேண்டும். "அடுத்த வாரம் என்ஓசி வந்துரும்" என்கிறவரிடம் மீதிப் பணத்தையும் அடுத்த வாரமே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எஃப்சி முடிந்துபோன வண்டிக்கு விளக்கு, பிரேக், ஹேண்ட் பிரேக் எல்லாம் சரிசெய்துதான் காட்ட வேண்டியிருக்கும், அந்தச் செலவும் யார் தலையில் என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் அடிக்க ஓடாதீர்கள், அது கடைசி. பிரேக், ஸ்டியரிங், வெடிக்கிற மாதிரி உப்பிய ஹோஸ், இவை முதல் நாள் வேலை. பிறகு இன்ஜின், டிரான்ஸ்மிஷன், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, எல்லாப் பின்னிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை அடித்து வேலைக்கு விடுங்கள். 50 மணி ஓடியதும் ஹைட்ராலிக் ஃபில்டரை மறுபடி கழற்றி, பிளேடால் கீறி மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் பம்ப் புஷ், காந்தத்தில் ஒட்டினால் கியர். அப்போதே பம்பைக் கழற்றிவிட்டால் வால்வ் பிளாக் தப்பிக்கும்.